80,000 ரூபாய்க்குள் வைர நிச்சயதார்த்த மோதிரம்: எது தேறும், எது தேறாது

வைர மோதிரம் என்று கேட்டு நகைக்கடைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது "விவிஎஸ், ஈ-எஃப் சார்" என்பதுதான். விவிஎஸ் என்பது கல்லுக்குள் இருக்கும் குறைகளின் அளவு, ஈ-எஃப் என்பது நிறம். தமிழ்நாட்டுக் கடைகளில் இந்த ஒரு தரத்தைத்தான் வைரம் என்றே விற்கிறார்கள். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஏதோ கழிவு என்பதுபோல ஒரு பேச்சு. 80,000 ரூபாய்க்கு மோதிரம் தேடுபவரின் பணம் அதிகம் வீணாவது இங்கேதான். பூதக்கண்ணாடி இல்லாமல் யாராலும் பார்க்க முடியாத ஒன்றுக்குப் பணம் போகிறது. பத்தடி தூரத்திலிருந்தே தெரிகிற ஒன்றை, அதாவது கல் எப்படிப் பட்டை தீட்டப்பட்டிருக்கிறது என்பதை, யாரும் கேட்பதில்லை.

இந்தத் தொகைக்குள் கடைகளில் கிடைப்பது நான்கு வகை: இயற்கை வைரத்தில் 30 சென்ட் அளவிலான ஒற்றைக்கல், சிறு கற்களைச் சேர்த்துப் பதித்த ஏழுகல், நடுக்கல்லைச் சுற்றிப் பொடிக்கல் வைத்த ஹேலோ, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த லேப் வைரம்.

ஒற்றைக்கல்லில் இருந்து தொடங்குவோம். 100 சென்ட் ஒரு கேரட், அதாவது 0.2 கிராம். 30 சென்ட் வட்டக் கல்லின் குறுக்களவு சுமார் 4.3 மி.மீ.; 50 சென்ட் 5.1 மி.மீ.; ஒரு கேரட் 6.5 மி.மீ. எடை மூன்று மடங்குக்கு மேல் ஏறினாலும் விரலில் தெரியும் அகலம் ஒன்றரை மடங்குதான் ஏறுகிறது. விலையோ எடையைவிட வேகமாக ஏறும், அதுவும் படிப்படியாக அல்ல. 30, 50, 70, 90 சென்ட், ஒரு கேரட் ஆகிய இடங்களில் சென்ட் விலையே ஒரு தாவு தாவும். ஆகவே 30 கேட்காதீர்கள், 28 கேளுங்கள். 50 கேட்காதீர்கள், 47 கேளுங்கள். குறுக்களவில் 0.1 மி.மீ. குறையும், அவ்வளவுதான். சில கடைகளில் 28 சென்ட் கல் கையிருப்பில் இருக்காது. "30-தான் சார் ஸ்டாண்டர்ட்" என்பார்கள். வரவழைக்கச் சொன்னால் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

எடையைக் கேட்டதோடு நிறுத்தாமல் மி.மீ. அளவையும் கேட்க வேண்டும். ஒரே 30 சென்ட் எடையுள்ள இரண்டு கற்களில் ஒன்று 4.4 மி.மீ. இருக்கும், மற்றது 4.15 இருக்கும். இரண்டாவது கல்லைத் தீட்டியவர் எடையை அடிப்பக்கத்தில் ஒளித்துவைத்திருக்கிறார். அப்படி ஆழமாகத் தீட்டிய கல்லை மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு கறுத்த வட்டம் விழும். மிகவும் தட்டையாகத் தீட்டினால் எதிர்த் தவறு: அகலம் கிடைக்கும், ஆனால் நடுவில் ஒளி ஓட்டையாக வெளியே போய், ஓரத்தில் மீன்கண் போல ஒரு வெளுத்த வளையம் தெரியும். வட்டக் கல்லில் பாதுகாப்பான அளவுகள் இவை: மொத்த ஆழம் குறுக்களவில் 59 முதல் 62.5 சதவீதம், மேல்தட்டு 54 முதல் 58 சதவீதம், மேல்பகுதிச் சரிவு 34 முதல் 35 பாகை, அடிப்பகுதிச் சரிவு 40.6 முதல் 41 பாகை. இந்த எண்கள் ஜிஐஏ (வைரத்துக்குத் தரம் போடும் அமெரிக்க ஆய்வகம்) அறிக்கையின் படத்திலேயே அச்சாகியிருக்கும். அடிச்சரிவு 41.5-ஐத் தாண்டி, மேல்சரிவும் 35.5-க்கு மேல் போனால் தரத்தில் "எக்ஸலன்ட்" என்றிருந்தாலும் அந்தக் கல்லை விட்டுவிடலாம். வெட்டு, மெருகு, சமச்சீர் மூன்றும் எக்ஸலன்ட் என்றால் வியாபாரத்தில் "டிரிபிள் எக்ஸ்" என்பார்கள். ஜிஐஏ வெட்டுக்குத் தரம் போடுவது 2006 முதல், அதுவும் வட்டக் கல்லுக்குத்தான் பழக்கம். ஓவல், பேரிக்காய் வடிவக் கல்லில் "எக்ஸலன்ட்" என்று விற்பனையாளர் சொன்னால் அது மெருகையா, வெட்டையா என்று திருப்பிக் கேளுங்கள்.

நிறத்துக்கு வருவோம். அளவுகோல் டி-யில் தொடங்கி இஸட்-டில் முடிகிறது. டி, ஈ, எஃப் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை கிட்டத்தட்ட நிறமற்றவை. மஞ்சள் தங்கத்தில் பதித்தபின் 4.3 மி.மீ. கல்லில் ஹெச் எது, எஃப் எது என்று பக்கத்தில் ஒப்பிடக் கல் இல்லாமல் சொல்ல முடியாது. தங்கத்தின் மஞ்சள் கல்லுக்குள் எப்படியும் எட்டிப்பார்க்கும். வெள்ளைத் தங்கம் அல்லது பிளாட்டினம் என்றால் ஜி வரை நிறுத்திக்கொள்ளுங்கள். குறைகளைப் பொறுத்தவரை விஎஸ்2 போதும். விவிஎஸ்-க்கு அடுத்த படி விஎஸ், அதற்கும் கீழே எஸ்ஐ; ஒவ்வொன்றிலும் 1-ஐவிட 2 ஒரு நிலை கீழ். அரை கேரட்டுக்குக் கீழே விஎஸ்2 கல்லில் வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாது. விலையை இன்னும் குறைக்க எஸ்ஐ1 பார்க்கலாம், ஆனால் ஒவ்வொரு கல்லையும் கண்ணால் பார்த்தே எடுக்க வேண்டும்.

ஒரு விஷயம் தனி. பல வீடுகளில் வைரத்தில் கரும்புள்ளி இருக்கக் கூடாது என்பார்கள். நம்பிக்கை அவரவருடையது, ஆனால் அதற்காக விவிஎஸ் வாங்கியாக வேண்டியதில்லை. விஎஸ் கற்களில் பெரும்பாலான குறைகள் வெள்ளை மேகமாகவோ நிறமற்ற படிகமாகவோ இருக்கும். அறிக்கையில் குறைகளை வரைந்த படம் இருந்தால், சிவப்புக் கோடு உள்ளே இருப்பதையும் பச்சைக் கோடு மேற்பரப்பில் இருப்பதையும் காட்டும். குறை கறுப்பா வெள்ளையா என்பதை அந்தப் படம் சொல்லாது. 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கைப் பூதக்கண்ணாடி) வாங்கிக் கல்லை நேரில் பார்த்தால் தீர்ந்தது.

ஒளிர்வு என்ற வரியையும் படியுங்கள். புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் கல் கொஞ்சம் மலிவு. "ஃபெயின்ட்" என்றால் தயங்காமல் எடுக்கலாம். "ஸ்ட்ராங்" என்றால் பகல் வெளிச்சத்தில் பால் கலந்த மாதிரி மங்குகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

இனி எஸ்டிமேட் சீட்டு. கல்லில் பேரம் பேசி மிச்சம் பிடித்தவர்கள் இங்கே கோட்டை விடுவது அதிகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் எடுத்துக்காட்டுக்குத்தான், அன்றைய விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கடைப் பலகையில் 22 கேரட் தங்கம் கிராம் 12,000 ரூபாய் என்று வைப்போம் (கேரட் என்பது கல்லில் எடை, தங்கத்தில் தூய்மை). வைர மோதிரம் பொதுவாக 22 கேரட்டில் வராது. அது மிருது, கல்லைப் பிடிக்கும் கொக்கி வளைந்துவிடும் என்பதால் பெரும்பாலும் 18 கேரட்டில்தான் செய்கிறார்கள். 18 கேரட்டில் தங்கம் 75 சதவீதம், 22-இல் 91.6. ஆகவே 18 கேரட்டின் விலை 12,000-ஐ 91.6-ஆல் வகுத்து 75-ஆல் பெருக்கினால் வருவது: சுமார் 9,825. மோதிரத்தின் நிகர தங்க எடை 2.8 கிராம் என்றால் 27,510 ரூபாய். சேதாரமும் செய்கூலியும் சேர்த்து 18 சதவீதம் என்றால் 4,952. 30 சென்ட் கல், கேரட் 1,40,000 வீதம், 42,000. கூட்டினால் 74,462. அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி 2,234. மொத்தம் 76,696 ரூபாய். ஹால்மார்க் கட்டணம் சில பத்து ரூபாய்தான், அதைப் பெரிய செலவாகக் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

இந்தச் சீட்டில் தப்பு நடப்பது மூன்று இடங்களில். 18 கேரட் நகைக்கு 22 கேரட் விலையைப் போடுவது முதலாவது: மேலே சொன்ன மோதிரத்தில் கிராமுக்கு 2,175 வீதம் 6,090 ரூபாய், அதற்குச் சேதாரமும் சேர்ந்தால் 7,186. இரண்டாவது, கல்லோடு சேர்த்து நிறுத்த எடைக்குத் தங்க விலை போடுவது. 30 சென்ட் என்பது 0.06 கிராம், ஆகவே ஒற்றைக்கல்லில் நஷ்டம் 600 ரூபாய்க்குள் அடங்கும். கல் அதிகமுள்ள நகையில் ஆயிரங்களாகும். மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். மூன்றாவது, தள்ளுபடி. "செய்கூலியில் 50 சதவீதம் கழிவு" என்று எழுதியிருக்கும் வாரத்தில் கல்லின் கேரட் விலையையும் பாருங்கள். இரண்டு கடைகளை ஒப்பிடுவதானால் தள்ளுபடியை ஒப்பிடாமல், அதே தரக் கல்லின் கேரட் விலையையும் சேதார சதவீதத்தையும் ஒப்பிடுங்கள். சில கடைகளில் பிரித்துச் சொல்லாமல் ஒரே விலையாக டேக் ஒட்டியிருப்பார்கள். பிரித்து எழுதித் தரமாட்டோம் என்றால் அடுத்த கடைக்குப் போகலாம்.

நகைச் சீட்டு கட்டி முடித்துவிட்டு அந்தப் பணத்தில் வைரம் எடுக்க நினைப்பவர்கள் சீட்டு அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். சேதாரச் சலுகை தங்க நகைக்கு மட்டுமா, வைரத்துக்கும் உண்டா என்பது கடைக்குக் கடை மாறும்.

ஏழுகல் மோதிரத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல இருக்கிறது. 4 சென்ட் கல் ஒன்றின் குறுக்களவு 2.2 மி.மீ. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று பதித்தால் அகலம் 6.6 மி.மீ., அதாவது ஒரு கேரட் கல்லின் அகலம். மொத்த எடையோ 28 சென்ட்தான். பொடிக்கல்லின் கேரட் விலையும் ஒற்றைக்கல்லைவிடக் குறைவு. ஏழுகல் தோடும் பேசரியும் பார்த்துப் பழகிய வீடுகளில் இந்த அமைப்பை யாரும் மலிவாக நினைக்கமாட்டார்கள். ஆனால் பதிப்பு முறையைக் கேளுங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் கொக்கி இருந்தால் எடுக்கலாம். கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்து நிற்கும் பிரஷர் செட்டிங் என்றால், ஒரு கல் விழுந்தால் பக்கத்துக் கல்லும் தளரும். மோதிரத்தைப் பெரிதாக்குவதும் கஷ்டம். தினமும் போடும் மோதிரத்துக்கு அது வேண்டாம். இன்னொன்று, பொடிக்கற்களுக்குத் தனித்தனி அறிக்கை வராது. மோதிரத்துக்கு மொத்தமாக ஓர் அட்டை வரும், அதில் நிறம் "ஈ-எஃப்", தரம் "விவிஎஸ்-விஎஸ்" என்று வரம்பாகத்தான் இருக்கும், எடையும் கடை சொன்ன எடையாகவே இருக்கலாம். தனிக்கல்லுக்கு வரும் அறிக்கையின் பலம் அதற்குக் கிடையாது.

ஹேலோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படத்தில் அழகு. ஒரு சென்ட் கல்லைப் பிடிக்கும் கொக்கி தலைமுடி அளவே இருக்கும். தேய்ந்தால் கல் எங்கே விழுந்தது என்றே தெரியாது. கடையில் "மொத்தம் 50 சென்ட்" என்பார்கள், நடுக்கல் 25 இருக்கும். நடுக்கல்லின் எடையைத் தனியாகக் கேளுங்கள்.

லேப் வைரம்தான் இந்தத் தொகையில் பெரிய கேள்வி. அது போலி இல்லை, ஏ.டி. (அமெரிக்கன் டைமண்ட்) என்ற போலிக் கல்லோடு சேர்த்துப் பேசுவது தவறு. கார்பன்தான், படிக அமைப்பும் கடினத்தன்மையும் ஒன்றே. சென்னை ஐஐடி-க்கு 2023-இல் இதை ஆராய்வதற்கு மத்திய அரசு ஐந்து ஆண்டுகளுக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கியது. கடையில் பேனா மாதிரி ஒரு கருவியை வைத்து "பீப் அடிக்குது பாருங்க, ஒரிஜினல்" என்று காட்டினால் அது இயற்கை வைரம் என்பதற்குச் சாட்சி ஆகாது. வெப்பம் கடத்துவதை அளக்கும் அந்தக் கருவி லேப் வைரத்துக்கும் அடிக்கும், வைரம் போலவே தெரியும் வேறு கல்லான மோய்சனைட்டுக்கும் அடிக்கும். பிரித்தறிய ஆய்வகக் கருவி வேண்டும், அதனால்தான் அறிக்கை முக்கியம்.

80,000 ரூபாயில் லேப் வைரம் என்றால் ஒரு கேரட் ஒற்றைக்கல் எளிதாக அடங்கும், மிச்சமும் இருக்கும். இங்கே தரத்தில் இறங்கி வர வேண்டியதில்லை, படிக்குப் படி விலை வித்தியாசம் கொஞ்சம்தான்: ஈ அல்லது எஃப், விஎஸ்1, வெட்டு எக்ஸலன்ட் அல்லது ஐடியல். தாளில் தெரியாத குறை ஒன்று உண்டு. சிவிடி முறையில் வளர்த்த கல்லில் லேசான பழுப்போ சாம்பலோ ஓடலாம். ஹெச்பிஹெச்டி முறையில் வளர்த்ததில் நீலச்சாயல் வரலாம். வெள்ளைத் தாளின்மேல் இன்னொரு கல்லோடு வைத்துப் பார்த்தால் தெரியும். ஐஜிஐ என்ற இன்னொரு ஆய்வகத்தின் அறிக்கையில் குறிப்பு வரியில் வளர்ந்தபடியே இருக்கிறதா, பின்னர் நிறம் மாற்றப் பதப்படுத்தியிருக்கலாமா என்று எழுதியிருக்கும். வளர்ந்தபடியே இருப்பதை எடுப்பது நல்லது. ஜிஐஏ 2025-இன் பிற்பகுதியிலிருந்து லேப் கற்களுக்கு டி, ஈ, விவிஎஸ் என்று தரம் போடுவதை நிறுத்தி, பிரீமியம், ஸ்டாண்டர்ட் என்ற இரண்டே பிரிவுக்கு வந்துவிட்டது. ஆகவே லேப் கல்லுக்கு விரிவான அறிக்கை வேண்டுமென்றால் ஐஜிஐ பக்கம்தான் போக வேண்டும்.

மறுவிற்பனை என்ற பேச்சுக்கு லேப் வைரத்தில் இடமில்லை. பெரிய வைரச் சுரங்க நிறுவனமான டி பியர்ஸ் 2018-இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் கேரட் 800 டாலருக்கு லேப் வைரம் விற்கத் தொடங்கியது. 2025-இல் அந்தக் கடையையே மூடப்போவதாக அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் லேப் கல்லின் விலை சரிந்துகொண்டே வந்தது. போட்டு அழகு பார்க்க என்றால் 80,000-இல் இதைவிடக் கல் கிடைக்காது. ஒருநாள் கொடுத்து மாற்றலாம் என்ற எண்ணம் வீட்டில் யாருக்காவது இருந்தால் எடுக்காதீர்கள், பின்னால் பேச்சு வரும். இயற்கை வைரமும் தங்கம் மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாற்றும்போது கல்லின் மதிப்பில் எத்தனை சதவீதம், அது பில் விலையிலா அன்றைய விலையிலா, பணமாகத் தருவார்களா வேறு நகைதானா என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். செய்கூலியும் ஜிஎஸ்டியும் திரும்பாது.

மோதிரத்தின் உடம்பு. அடி வளையம் 1.6 மி.மீ. கனத்துக்குக் குறைந்தால் ஓரிரு வருடத்தில் முட்டை வடிவமாகிவிடும். விலையைக் குறைத்துக் காட்ட 2 கிராமுக்குள் செய்த மோதிரங்களில் இந்தக் கோளாறு சகஜம். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமும் இல்லை என்பதால் அங்கே இரட்டை எச்சரிக்கை வேண்டும். 30 சென்ட் கல்லுக்கு நான்கு கொக்கி போதும், ஆறு வைத்தால் கல்லில் பாதி மறையும். ஒரு கேரட்டுக்கு ஆறு நல்லது. கொக்கியின் மேல் பருத்தித் துண்டை இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் சேலை முந்தானையும் மாட்டும், கொக்கியும் சீக்கிரம் நிமிரும். வெள்ளைத் தங்கம் என்றால் அதன் வெண்மை ரோடியம் பூச்சு. தினமும் போட்டால் ஓரிரு ஆண்டில் தேய்ந்து மீண்டும் பூச வேண்டிவரும். மஞ்சள் தங்கத்தில் அந்தத் தொல்லை இல்லை.

அளவு: நம் ஊர் எண்ணோடு 40 கூட்டினால் மோதிரத்தின் உட்சுற்றளவு மி.மீ.-இல் கிடைக்கும். 12 என்றால் சுமார் 52 மி.மீ. மாலையில், சாதாரண வெப்பத்தில் அளவெடுங்கள். காலையில் ஏசி அறையில் எடுத்த அளவு மே மாத முகூர்த்தத்தில் மூட்டைத் தாண்டாது. ஓரிரு எண் கூட்டிக் குறைக்க ஒற்றைக்கல்லில் முடியும், சுற்றிலும் கல் பதித்த வளையத்தில் முடியாது.

எங்கே வாங்குவது என்றால், பெரிய ஷோரூமில் கூலி அதிகம், மாற்றும் விதிகள் தெளிவு. சௌகார்பேட்டை என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கம் தனிக்கல்லாக வாங்கி மோதிரம் செய்தால் விலை இறங்கும், பேரம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி மிச்சம்" என்ற பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள். மேலே போட்ட கணக்கில் மிச்சமாவது 2,234 ரூபாய். கல் மாறிப்போனால் நுகர்வோர் நீதிமன்றத்தில் காட்ட ஒரு துண்டுத் தாளும் இருக்காது.

எங்கள் தேர்வு, இயற்கை வைரத்தில்: 28 சென்ட், ஹெச், விஎஸ்2, டிரிபிள் எக்ஸ், ஜிஐஏ அறிக்கை, 18 கேரட் மஞ்சள் தங்கத்தில் 2.8 கிராம் அளவில் நான்கு கொக்கி. அடுத்த இடம் கொக்கி போட்ட ஏழுகல்லுக்கு. பெரிய கல்தான் ஆசை என்றால் லேப் வைரம், மறுவிற்பனையை மறந்துவிட்டு.

மோதிரம் தயாராகி வாங்கப் போகும்போது அவசரப்படாதீர்கள். கடையின் ஸ்பாட் விளக்குக்குக் கீழே கண்ணாடித் துண்டும் ஜொலிக்கும். வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து, உள்ளங்கை நிழலில் வைத்துப் பாருங்கள். லூப் வழியாகக் கல்லின் இடுப்பில், அதாவது அகலமான ஓரத்தில், லேசரில் பொறித்த எண் அறிக்கை எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அதே எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டு எடையையும் அளவையும் சரிபாருங்கள். கொக்கியின் அடியில் எண் மறைந்திருந்தால் பதிக்கும் முன்பே காட்டச் சொல்லியிருக்க வேண்டும், ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வளையத்தின் உட்பக்கம் பிஐஎஸ் முத்திரை, 18K750 என்ற தூய்மைக் குறி, ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும், ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யூஐடி மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இதுதான் நடைமுறை. ஹெச்யூஐடி எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் நகையின் வகையும் தூய்மையும் வரும். "மோதிரம்" என்பதற்குப் பதில் "வளையல்" என்று வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான், கல்லுக்கு இல்லை. கடைசியாகக் காதருகே வைத்து விரலால் சுண்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் கல் ஆடுகிறது, இறுக்கித் தரும்வரை பணம் கட்ட வேண்டாம்.